பப்ரிஷியஸ் ஐயரைப் பற்றி வாலிபர் கூட்டத்தில் என்ன பேசலாம்?

கேட்டிருப்பவர் புரசைவாக்கம் பப்ரிஷியஸ் பள்ளியில் படித்த ஒரு தம்பி. இப்போது சபை வாலிபர் சங்கத்தில் இருக்கிறார். அந்தப் பள்ளிக்குப் பெயர் தந்த ஐயரைப் பற்றி (பாதிரியாரை எங்கள் சபையில் ஐயர் என்போம்) அரைமணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்களாம். "அகராதி செய்தார், வேதாகமத்தை மொழிபெயர்த்தார் என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது. அவர் கடன்பட்டுச் சிறைக்குப் போனவர், அதை மட்டும் மேடையில் எடுத்துவிடாதே என்று சபைப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையா? எப்படிப் பேசுவது?" என்று கேட்கிறார்.

உண்மைதான் தம்பி. பேசத்தான் வேண்டும். ஆனால் அகராதியில் தொடங்கிச் சிறையில் முடித்தால் கேட்கிறவர்களுக்கு ஒரு அறிஞர் கணக்கு வழக்குத் தெரியாமல் கெட்டுப்போன கதையாகத்தான் படும். பப்ரிஷியஸ் அடிப்படையில் ஒரு சபை ஐயர். மெட்ராஸில் ஒரே சபையை 1742 முதல் 1788 வரை, 46 வருடம் மேய்த்தவர். வேதாகமம், பாட்டு, அகராதி எல்லாம் அந்த வேலையிலிருந்து கிளைத்தவை. கடனும் அங்கிருந்தே வந்தது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரிசைப்பட்டுவிடும்.

பிறப்பு, படிப்பை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுங்கள். யோஹான் பிலிப் பப்ரிஷியஸ் 1711 ஜனவரியில் ஜெர்மனியில், பிராங்க்பர்ட் பக்கத்துக் கிளேபெர்க் என்ற ஊரில் பிறந்தார். முதலில் சட்டம் படித்தார். பிறகு அதை விட்டுவிட்டு ஹாலே நகரத்துக்குப் போய் இறையியல் படித்தார். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக்கு வந்த லுத்தரன் மிஷனரிமாரில் பெரும்பாலோர் ஹாலேயில் தேறியவர்கள்தான். கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று 1740ல் தரங்கம்பாடிக்கு வந்தார். அங்கே தமிழ் பழகி, 1742 முடியும்போது மெட்ராஸ் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 31 வயது. அதற்கப்புறம் சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. கலியாணமும் செய்துகொள்ளவில்லை.

"ஜெர்மன் ஐயருக்கு ஆங்கிலேயர் ஊரில் என்ன வேலை?" என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். தரங்கம்பாடி மிஷன் டென்மார்க் அரசருடையது. ஆனால் மெட்ராஸ் மிஷனுக்குப் பணம் தந்தது லண்டனில் இருந்த எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலத் திருச்சபைச் சங்கம். பணம் ஆங்கிலேயருடையது, ஐயர்மார் ஜெர்மானியர், உபதேசம் லுத்தருடையது, சபை தமிழர் சபை. தரங்கம்பாடியிலிருந்து வந்த பெஞ்சமின் ஷூல்ட்சே 1728ல் இதைத் தொடங்கி வைத்தார். பப்ரிஷியஸ் வந்த கொஞ்ச நாளில் ஷூல்ட்சே ஊருக்குத் திரும்பிவிட்டார். அதோடு முழுப் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது.

அந்தச் சபை முதலில் எங்கே இருந்தது என்பதை நம் வடசென்னைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். கோட்டைக்கு வடக்கே, இன்று உயர் நீதிமன்றம் நிற்கிற பக்கம்தான் பழைய கறுப்பர் நகரம். நெசவாளர், துபாஷிகள், வியாபாரிகள், கூலி வேலை செய்தவர்கள் என்று எல்லோரும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். மிஷன் வீடும் சிறு கோயிலும் அங்கேதான் இருந்தன. 1746 செப்டம்பரில் லா போர்தொனே தலைமையில் பிரெஞ்சுக் கப்பற்படை வந்து மெட்ராஸைப் பிடித்தது. கோட்டையை ஒட்டியிருந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். மிஷன் கோயிலும் அதில் போயிற்று. வந்து நாலு வருடம்கூட ஆகாத ஐயருக்குக் கோயிலும் இல்லை, வீடும் இல்லை.

அவர் போன இடம் பழவேற்காடு. அங்கே ஜெல்டிரியா கோட்டையை வைத்துக்கொண்டு டச்சுக்காரர்கள் ஆண்டார்கள். பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த சண்டையில் அவர்கள் சேரவில்லை, அதனால் அது பாதுகாப்பான இடம். இன்றைக்குத் திருவொற்றியூர், மீஞ்சூர், பொன்னேரி தாண்டிப் போனால் ஏரியும் கடலும் சேர்கிற முகத்துவாரத்தில் இருக்கிறது. சிதறிப்போன சபையாரில் ஒரு பகுதி அங்கே வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், சபைக்கு ஆராதனை எல்லாம் அந்த அகதி வாழ்க்கையிலும் நடந்தன. அந்த ஊரில் இவருக்குத் தங்க இடம் உண்டு, அதிகாரம் எதுவும் கிடையாது. மெட்ராஸ் ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தது 1749ல்தான். அதுவரைக்கும் சபை என்றால் கட்டடம் இல்லாத ஜனங்கள் மட்டும்தான்.

திரும்பி வந்ததும் வேப்பேரி. இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். வேப்பேரியில் அப்போது இருந்தது ஒரு கத்தோலிக்கக் கோயில். ஆர்மீனிய வியாபாரி கோஜா பெட்ரஸ் உஸ்கான் செலவழித்துக் கட்டியது. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டிக்கொடுத்தவரும் இவர்தான். கத்தோலிக்கக் குருமார் பிரெஞ்சுக்காரருக்கு உதவினார்கள் என்று மெட்ராஸை ஆண்ட ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சந்தேகப்பட்டது. அந்தக் கோயிலை அவர்களிடமிருந்து எடுத்து லுத்தரன் மிஷனுக்குக் கொடுத்துவிட்டது. ஆக, நம் முன்னோர் கும்பிட்ட முதல் வேப்பேரிக் கோயில் இன்னொரு சபையின் கையிலிருந்து அரசாங்கம் பிடுங்கித் தந்தது. பப்ரிஷியஸ் கேட்டுப் பிடுங்கவில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டார். எனக்கு இது இன்றும் உறுத்துகிறது. உஸ்கானின் கல்லறை அந்த வளாகத்திலேயே, இப்போதைய செயின்ட் மத்தியாஸ் ஆலயத்தில் இருக்கிறது. வாலிபரை அழைத்துப் போனால் அந்தக் கல்லறை முன்னாலும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

சரி, அவர் செய்த ஊழியம் என்ன என்று கேட்பீர்கள். சபையில் தமிழர் மட்டும் இல்லை. போர்த்துகீசிய மொழி பேசின கலப்பினத்தார் ஒரு கூட்டம். கம்பெனிப் படையில் சேர்ந்திருந்த ஜெர்மன் சிப்பாய்கள் ஒரு கூட்டம். தமிழுக்கு ஒரு ஆராதனை, போர்த்துகீசியத்துக்கு ஒரு ஆராதனை, சிப்பாய்களுக்கு ஜெர்மனில் பிரசங்கம். ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்களுக்கு லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை வாரக்கணக்கில் கேள்வி பதிலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும். உபதேசியார்மாரைச் சுற்றுவட்டாரத்துக்கு அனுப்பி, வந்ததும் என்ன நடந்தது என்று கேட்டுக் குறிக்க வேண்டும். வியாதிக்காரர், விதவைகள், அநாதைப் பிள்ளைகள், அடக்க ஆராதனை. இதற்கெல்லாம் மேலே ஹாலேவுக்கு நாட்குறிப்பும் கடிதமும் அனுப்பியாக வேண்டும். அவை அங்கே அச்சாகி, காணிக்கை தருகிறவர்கள் கைக்குப் போகும். கூட வேலை செய்ய பிரைட்ஹாப்ட் என்ற இன்னொரு ஜெர்மன் ஐயர் இருந்தார். இரண்டு பேருமாகப் பல வருடம் இந்த வண்டியை இழுத்தார்கள்.

பப்ரிஷியஸ் மேடையை அதிரவைக்கிற பேச்சாளர் இல்லை. நிர்வாகத்திலும் கெட்டிக்காரர் இல்லை. அமைதியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். அவரோடு ஒப்பிட்டால், அதே காலத்தில் ஊழியம் செய்த ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் ஐயர் வேறு ரகம். ராஜா சபையிலும் நவாபுகளிடமும் தூது போனவர், தஞ்சாவூர் சரபோஜிக்குக் காப்பாளராக இருந்தவர். வரலாற்றுப் புத்தகங்களில் ஷ்வார்ட்ஸுக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைத்திருக்கிறது. பப்ரிஷியஸுக்குச் சில வரிகள்தான். எனக்குப் பிடித்தவர் பப்ரிஷியஸ். சபைக்குள்ளேயே இருந்து, ஒரே ஜனத்துக்கு ஞாயிறு தவறாமல் பிரசங்கம் செய்கிற ஐயர்மாரை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம்.

1758 டிசம்பரில் மறுபடியும் அதே கதை. இந்தத் தடவை லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி. பிரெஞ்சுப் படை மெட்ராஸைச் சுற்றி முற்றுகை போட்டது. அது முடிய 1759 பிப்ரவரி ஆயிற்று. வேப்பேரி கோட்டைச் சுவருக்கு வெளியே இருக்கிற ஊர், காப்பாற்ற ஆள் கிடையாது. படையோடு வந்த குதிரைக்காரர்கள் கொள்ளையடித்தார்கள். ஐயர் வீடும் தப்பவில்லை. மறுபடி பழவேற்காடு. ஜனங்களோடு போனார், ஜனங்களோடு திரும்பினார். அப்புறம் 1760களின் கடைசியிலும் 1780லும் ஹைதர் அலியின் படை மெட்ராஸை நோக்கி வந்தது. அவர் ஊழியம் செய்த 46 வருடத்தில் நிம்மதியான காலம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒரு யுத்தம் அவருக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுத்தது. 1761ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தையும் மெட்ராஸுக்குத் தூக்கிவந்தார்கள். அதை ஓட்டத் தெரிந்தவர் கம்பெனியில் இல்லை. மிஷனிடம் கொடுத்தார்கள், கம்பெனி வேலை வந்தால் அதை முதலில் முடித்துக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதுதான் வேப்பேரி அச்சகம். பின்னால் எஸ்.பி.சி.கே. அச்சகம் என்றும் டயோசீசன் அச்சகம் என்றும் பேர் மாறிப் பல தலைமுறைக்குத் தமிழ்ப் புத்தகங்களை அச்சடித்தது. சென்னையில் அச்சுத்தொழில் வேர்விட்ட இடம் வேப்பேரி. நம் பக்கத்துக்கு இது பெரிய பெருமை, இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்லுங்கள்.

இனி வேதாகமம். இங்கே நேரம் எடுத்துக்கொள்ளலாம். தரங்கம்பாடி மிஷனைத் தொடங்கிய சீகன்பால்கு ஐயரின் புதிய ஏற்பாடு 1715லேயே தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது. பழைய ஏற்பாட்டில் அவர் விட்ட இடத்திலிருந்து ஷூல்ட்சே முடித்தார். முதல் முயற்சி என்ற மரியாதை அவற்றுக்கு எப்போதும் உண்டு. ஆனால் அந்தத் தமிழில் குறைகள் நிறைய. வீரமாமுனிவர் தரங்கம்பாடித் தமிழைக் கடுமையாகவே கேலி செய்தார். அவர் லுத்தரன்மாருக்கு எதிராளி என்பது உண்மை, ஆனால் தமிழ் தெரிந்த எதிராளி.

பப்ரிஷியஸ் முன்னவர்களின் பிரதியைத் திருத்தத்தான் உட்கார்ந்தார். முடிக்கும்போது அது புது மொழிபெயர்ப்பாகவே ஆகிவிட்டது. அவர் வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். எபிரெய, கிரேக்க மூலத்தை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியத்தை எழுதுவார். பிறகு அதை ஆட்களுக்கு வாசித்துக் காட்டுவார். படித்தவர்களுக்கும் எழுத்து வாசனை இல்லாதவர்களுக்கும், வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாசிப்பார். என்ன புரிந்தது, எங்கே இடறுகிறது என்று கேட்பார். இடறின இடத்தைத் திருத்தி மறுபடி வாசிப்பார். கோயிலில் உட்கார்ந்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் படிக்கத் தெரியாதவர்கள். அவர்களுக்கு வேதம் காதுவழியாகத்தான் போகும். ஒரு பண்டிதர் தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த முகங்களைப் பார்க்க வேண்டிய ஐயருக்குத்தான் இது தோன்றும்.

புதிய ஏற்பாடு 1772ல் வெளிவந்தது. மெட்ராஸ் வந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. பழைய ஏற்பாடு தரங்கம்பாடியில் பகுதி பகுதியாக அச்சாயிற்று. அது முழுதாக முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

அதன் ஆயுளைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரேனியஸ் ஐயர் புது மொழிபெயர்ப்புக் கொண்டுவந்தபோது பழைய சபையார் கொதித்தெழுந்தார்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் அதில் முன்னணியில் நின்றார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பும் வந்தது. அதையும் சபைகள் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் எல்லாச் சபைக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்று பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு வேலை செய்தது. அவர்கள் பப்ரிஷியஸின் மொழிபெயர்ப்பையே அடித்தளமாக எடுத்துக்கொண்டு திருத்தினார்கள். 1871ல் வந்த அந்த வேதாகமம்தான் இன்றும் பெரும்பாலான புராட்டஸ்டன்ட் வீடுகளில் இருப்பது. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற உங்கள் நண்பர் கையில் ஜிப் வைத்த கறுப்பு பைபிள் இருக்கும் இல்லையா, அதற்குள்ளும் வேப்பேரி ஐயர் இருக்கிறார். லுத்தரன்மாரோ 1871க்குப் பிறகும் நெடுநாள் பழைய பப்ரிஷியஸ் வேதாகமத்தையே விடாமல் வைத்திருந்தார்கள்.

பாட்டுக்கு வருவோம். ஜெர்மன் ஞானப்பாட்டுகளை மெட்டு மாறாமல் தமிழில் பாடும்படி அவர் நிறைய மொழிபெயர்த்தார். இது மிகவும் கஷ்டமான வேலை. ஜெர்மன் மெட்டில் அசை விழுகிற இடம் வேறு, தமிழ்ச் சொல்லில் அழுத்தம் விழுகிற இடம் வேறு. அதனால் சில வரிகள் முறுக்கிக்கொண்டு நிற்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கீர்த்தனை போல அவை உடனே நாக்கில் ஒட்டாது. பாடப்பாடத்தான் பிடிபடும்.

காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் எங்கள் சபை மூதாட்டி ஒருவரின் அடக்கத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். பெட்டி குழியில் இறங்கும் நேரம். ஐயர் ஞானப்பாட்டின் எண்ணைச் சொல்லி முதல் அடியை எடுத்துக்கொடுத்தார். இளையவர்கள் போனில் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவின் தங்கை, எழுபதைத் தாண்டியவர், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி புத்தகம் இல்லாமலே பாடத் தொடங்கினார். ஒரு அடி, இரண்டு அடி அல்ல, எட்டுச் சரணமும். ஒவ்வொரு சரணத்தின் கடைசி அடியிலும் இழுத்து நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்ததுக்குப் போனார். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் சத்தம் வெளியே கேட்டுக்கொண்டே இருந்தது. மண் போடுகிறவர்கள் மண்வெட்டியைக் கையில் பிடித்தபடி பாட்டு முடியும்வரைக்கும் காத்திருந்தார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் போனவர். ஞானப்பாட்டு எதற்காகத் தமிழுக்கு வந்தது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அகராதி பற்றி எல்லோரும் பேசுவதால் நான் சுருக்கிக்கொள்கிறேன். தமிழ்–ஆங்கில அகராதி 1779ல் வேப்பேரியில் அச்சாயிற்று, சுமார் 9,000 சொற்கள். ஆங்கிலம்–தமிழ்ப் பகுதி 1786ல் வந்தது. முதல் பகுதியில் பிரைட்ஹாப்டின் உழைப்பும் உண்டு, அவர் பெயரை விட்டுவிடாதீர்கள். அந்தக் கால ஆங்கிலேயர் தமிழை மலபார் மொழி என்று எழுதினார்கள், அகராதியின் தலைப்பிலும் அப்படியே இருக்கும். பார்த்துக் குழம்ப வேண்டாம். பின்னால் லைப்சிக் மிஷன் என்ற ஜெர்மன் லுத்தரன் சங்கத்து ஐயர்மார் அதைப் பெருக்கித் தரங்கம்பாடியில் 1897ல் வெளியிட்டார்கள். 1972ல் நாலாம் பதிப்பு வந்தது. அந்தப் பதிப்பு சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் இருக்கிறது, யாரும் இலவசமாகத் தேடலாம். கூட்டத்தில் போனைத் திறந்து ஏதாவது ஒரு வீட்டுச் சொல்லைப் போட்டுக் காட்டுங்கள். தலைச்சொல்லுக்குக் கீழே அதோடு சேர்ந்து வருகிற தொடர்கள், பேச்சுவழக்குகள் எல்லாம் அடுக்கியிருக்கும். தெருவிலும் சந்தையிலும் சனங்கள் பேசுவதைப் புரிந்துகொள்ள வேண்டியவருக்காகச் செய்த புத்தகம் அது.

இப்போது கடன். பெரியவர் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் மறைத்தால் இன்றைக்குப் பிள்ளைகள் போனிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். நாம் சொல்லாமல் அவர்களாகத் தெரிந்துகொண்டால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

அன்றைய மெட்ராஸில் சாதாரண ஜனங்களுக்கு இன்றுபோலப் பாங்கி கிடையாது. கையில் இருக்கிற காசை எங்கே வைப்பது? ஐயரிடம்தான். ஊரில் நம்பத்தகுந்தவர் என்று பேர் வாங்கியவர். மிஷன் பணமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அதை அவர் வட்டிக்கு விட்டார். வட்டி வந்தால் ஊழியத்துக்கு ஆகும், வைத்தவர்களுக்கும் ஆகும் என்று நினைத்தார். அந்த ஊரில் அன்று அது அதிசயமில்லை. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா கண்டவரிடமெல்லாம் கடன் வாங்கிக்கொண்டிருந்த காலம். கம்பெனி அதிகாரிகளே பெரும் வட்டிக்கு ஆசைப்பட்டு அவருக்குக் கொடுத்தார்கள். அந்தக் கடன் விவகாரம் லண்டன் பாராளுமன்றம் வரைக்கும் போய், 1785ல் எட்மண்ட் பர்க் அதைப் பற்றிப் பெரிய உரையே நிகழ்த்தினார். மெட்ராஸ் முழுக்க அப்படிச் சுழன்றுகொண்டிருந்தபோது பப்ரிஷியஸும் அதில் மாட்டிக்கொண்டார். அவர் கொடுத்தவர்களில் நவாபின் உறவுக்காரரும் உண்டு. பணம் திரும்பவில்லை.

கடன்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வயது முதிர்ந்த காலத்தில் கடனுக்காகச் சிறையில் இருந்தார். சொந்தத்துக்கு ஒரு காசு சேர்க்காதவர், எளிமையாக வாழ்ந்தவர் என்பதில் அவர் காலத்தவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சரி, அதனால் தப்பில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. நஷ்டப்பட்டது அடுத்தவர் பணம், மிஷன் பணம். ஐயரை நம்பிக் கொடுத்தவர்கள் ஏமாந்தார்கள். நல்ல மனசு கணக்குப் புத்தகத்துக்கு ஈடாகாது. சபைப் பணம் ஒரே ஆள் கையில் இருந்து, தணிக்கை இல்லாமல், கேள்வி கேட்க யாரும் இல்லாமல் போனால் உத்தமருக்கும் இதுதான் கதி. நம் சபைகளில் நிலம், பள்ளிக்கூடம், கட்டட நிதி என்று எத்தனை வழக்குகள் நடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் இதை வாலிபர் கூட்டத்தில் பேச வேண்டும் என்கிறேன். நாளைக்கு அவர்கள்தான் சபைக் கமிட்டியில் உட்காரப் போகிறவர்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1780க்குப் பிறகு ஹைதர் அலி யுத்தத்தோடு மெட்ராஸில் கொடும் பஞ்சம் வந்தது. ராயபுரத்தில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் சொல்வார்களே, இன்றைய ஸ்டான்லி, அதன் மூலம் இந்தப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம். எழுபது வயது ஐயருக்கு ஒரு பக்கம் பசியோடு வாசலில் நிற்கிற சபையார், மறு பக்கம் கடன்காரர்கள். பிரைட்ஹாப்டும் அந்தக் காலத்திலேயே காலமாகிவிட்டார். 1788ல் கெரிக்கே ஐயர் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டு, சிக்கலை அவிழ்க்கிற வேலையை ஏற்றார். பப்ரிஷியஸ் 1791 ஜனவரியில், எண்பது வயது நிறைந்த கையோடு வேப்பேரியில் காலமானார்.

அதற்குப் பின்னால் நடந்ததில் ஒரு விஷயத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேப்பேரிச் சபை 1820களில் ஆங்கிலிக்கன், அதாவது ஆங்கிலத் திருச்சபையின், கைக்குப் போயிற்று. அந்தக் கால லுத்தரன் மிஷன்கள் கோயிலுக்குள் சாதி வித்தியாசத்தைப் பொறுத்துப் போனவை. 1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் இனிச் சபையில் சாதி கூடாது என்று உத்தரவு போட்டதும் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரிய பிளவு வந்தது. விலகியவர்களில் பலர் பின்னால் வந்த லைப்சிக் மிஷனோடு சேர்ந்தார்கள். புரசைவாக்கம் அடைக்கலநாதர் ஆலயம், பப்ரிஷியஸ் பள்ளி எல்லாம் அந்த லுத்தரன் வழியில் வந்தவை. 1919ல் அமைந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கும் அந்த வழிதான். நம் வரலாற்றில் தலைகுனிய வேண்டிய பகுதி இது. பப்ரிஷியஸ் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற கூட்டத்தில் இதையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் பாதிச் சபையாருக்கு அந்தப் பேச்சு தங்களுடையதாக இராது.

பேச்சோடு நிறுத்தாமல் ஒரு சனிக்கிழமை காலையில் நடையாகக் கூட்டிப் போங்கள். வேப்பேரி செயின்ட் மத்தியாஸில் தொடங்கலாம். இப்போதிருக்கும் கட்டடம் 1820களில் எழுந்தது, பப்ரிஷியஸ் பிரசங்கம் செய்த கோயில் அதற்கு முந்தியது. அங்கிருந்து புரசைவாக்கம் நெடுஞ்சாலைக் கூட்டத்தில் நீந்தி அடைக்கலநாதர் ஆலயத்துக்கு வந்து, உங்கள் பள்ளிக்கூட வாசலில் முடியுங்கள். ஆலயத்தில் ஒரு ஞானப்பாட்டை மூத்தவர்களை விட்டுப் பாட வைத்து, இளையவர்கள் பின்னால் சேரட்டும். அகராதியை முன்பே போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆலயத்துக்குள் சிக்னல் சரியாகக் கிடைக்காது.

பெரியவரை ஒதுக்கிவிடாதீர்கள். கூட்டத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய், கடன் விஷயத்தை இப்படித்தான் சொல்லப் போகிறேன் ஐயா என்று படித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்று எந்த வரியைச் சொல்கிறாரோ, அந்த வரியைப் பற்றி அவரிடமே கேளுங்கள். அப்படியே, அவர் காலத்தில் கோயிலில் படித்தது பழைய பப்ரிஷியஸ் வேதாகமமா, வீட்டில் அதன் பிரதி ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவரையே கொண்டுவரச் சொல்லி ஒரு சங்கீதத்தை உரக்க வாசிக்க வையுங்கள்.